வாடிய கன்றுகளுக்கு ஒரு தீர்மானம்

காலநிலை, வளர்ச்சி, இடம்பெயர்ந்தோர் நலன் ஆகிய மூன்று குதிரைகளையும் ஒரே வண்டியில் பூட்டிய பெருமை, உலகிலேயே எங்கள் தலைநகர் துஷான்பேயின் ‘ஒருங்கிணைப்புக் குழு’வுக்கு மட்டுமே உண்டு. அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மலைச்சரிவில் சேறு இறங்கி ஒரு கிராமமே போய்விட்டது. பிழைத்தவர்களை வக்ஷ் சமவெளியில் கூடாரம் போட்டு இருத்தினோம். அங்கே புழுதி அதிகம். காலநிலைத் துறை உடனே களமிறங்கி, கூடாரங்களைச் சுற்றிப் பிஸ்தாக் கன்றுகள் நட்டது. ஒவ்வொரு கன்றின் காலடிக்கும் குழாய் இழுத்துச் சொட்டுநீர் விட்டது. மக்களுக்கு வாய்க்கால் இருந்தது. கலங்கலாக.

அந்த மலைக் கிராமத்தில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த மொஹிரா என்ற பெண்ணை, ‘மக்கள் குரல்’ என்ற தகுதியில் கூட்டத்துக்கு அழைத்தோம். குரல் வந்த வேகத்தில் பேசவும் செய்தது.

“ஐயா, கன்னுக்குக் குழாய் இருக்கு, எங்களுக்கு இல்ல. வாய்க்கால் தண்ணியக் குடிச்சிட்டு எம் மக வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கா.”

தலைவர் தாவ்லத்யோர் பச்சைத் தேநீரை உறிஞ்சினார். “கன்னு காலநிலைத் துறைம்மா. பிள்ளை வளர்ச்சித் துறை.”

வளர்ச்சித் துறை அதிகாரி பதறிவிட்டார். “நிரந்தரமா குடியிருக்கிறவங்களுக்குத்தான் வளர்ச்சி! இவங்க தற்காலிகம்.”

“மூணு குளிர்காலம் போயிடுச்சே, இன்னுமா தற்காலிகம்?”

“நீண்டகாலத் தற்காலிகம்,” என்று நான் திருத்தினேன். தலைவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

மொஹிரா கூடாரத்துக்குத் திரும்பிப் போனதும் கன்றின் குழாயைப் பிடுங்கிக் குடத்துக்குள் விட்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். சில நாட்களில் அவள் மகள் எழுந்து ஓடியாடத் தொடங்கினாள். கன்றுகள் வாடின.

அவசரக் கூட்டம் கன்றுகளின் அருகிலேயே கூடியது. ‘பாதிக்கப்பட்டவர்களை’ நேரில் பார்த்த தலைவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஓர் இலையைத் தடவிக்கொடுத்தார். கன்றுகளைக் காப்பாற்ற, மக்களை வேறொரு மலையடிவாரத்துக்கு மாற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

“அங்கயாவது குழாய் இருக்கா?” என்றாள் மொஹிரா.

“அங்க கன்னே இல்லியேம்மா, குழாய் எதுக்கு?” என்றார் தலைவர்.

லாரி வந்தது. மூட்டைகள் ஏறின. தலைவர் புகைப்படக்காரரை முன்னால் நிறுத்தினார். “திட்டம் வெற்றி! எல்லாரும் ஒரு தடவை நல்லாக் கைதட்டுங்க, பாப்போம்.”

மொஹிரா மகளைத் தூக்கி லாரியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள்.

“மலையும் எங்கள விரட்டுச்சுய்யா. ஆனா அது கைதட்டச் சொல்லல.”