வழவழா கேட்ட கால் திருப்பு

குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, அதில் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடியது என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில் எங்கள் ஆண்கள் விடுதியில் தண்ணீர் மோட்டார் போட்டு, டேங்க் கழுவும் வேலையில் இருந்தார். நிஜப் பெயர் என்னவோ, நாங்கள் வைத்தது வழவழா.

குழாயின் உட்புறம் படியும் வழவழப்பு என்றால் அவருக்கு உயிர். வெட்டியெடுத்த குழாய்த் துண்டுகள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நான் இட்லியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து நீட்டுவார்.

“தொட்டுப் பாருங்க சார். இது தண்ணி வேகமா ஓடுன பைப்பு. மெலிசா, கெட்டியா ஒட்டிக்கினு இருக்குது. இது மெதுவா ஓடுனது. கொழகொழன்னு பஞ்சாட்டம் வளந்திருக்குது. எல்லாம் உசுரு சார்! கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க, கூட்டமா வூடு கட்டிக்கினு குந்தியிருக்குது.”

“யோவ், சாப்பிட வுடுய்யா!”

ஒருமுறை பொம்மையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரையும் கூட்டிப்போய்த் தொலைத்தோம். கைகழுவும் குழாய்க்குள் விரலை விட்டவர் எடுக்கவே இல்லை. பின்னால் வரிசை மண்டப வாசல் வரை நின்றது. பெண்ணின் மாமா அடிக்கவே வந்துவிட்டார்.

இந்தச் சிரிப்பெல்லாம் புது மோட்டார் வரும்வரைதான். பழையது முக்கி முனகித் தண்ணீர் ஏற்றும், புதியது அசுரன். விடுதி ஓனர் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, விடுதியிலேயே சீனியர் என்று வால்வைத் திறக்க என்னைக் கூப்பிட்டார். வழவழா பதறிக்கொண்டு என் அருகில் வந்தார்.

“ஜல்தி பண்ணாதீங்க சார். கால் திருப்பு மட்டும் தெறங்க. இத்தினி வருசமா மெதுவா ஓடுன தண்ணில வளந்தது, ஒரே இடியா இடிச்சா மொத்தமும் பிச்சுக்கினு டேங்க்ல வந்து வுழும். மொதத் தண்ணிய வெளிய வுட்டுடலாம் சார்.”

“நல்ல நாளும் அதுவுமா தண்ணிய சாக்கடைல வுடச் சொல்றியா?” என்றார் ஓனர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வால்வை முழுக்கத் திறந்தேன். கைதட்டல் வேறு.

இரண்டே நாளில் பாதி விடுதி விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது. வயிற்றுப்போக்கு. எனக்கும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆப்பிளோடு பார்க்க வந்தார் ஓனர்.

“டேங்க்க ஒழுங்கா கழுவல சார் அந்த ஆளு. தொரத்திட்டேன்.”

‘அவர் சொன்னாரே, நாமதானே கேக்கல’ என்று நாக்கு நுனிவரை வந்தது. ரூம் போய்விடுமோ என்று பயம். “அப்படிங்களா?” என்று மட்டும் சொன்னேன். சீ, என்ன பிழைப்பு!

மறுநாள் வழவழாவே பிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

“காய்ச்சி ஆற வெச்ச தண்ணி சார், பயப்படாம குடிங்க.” நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். “நீங்க ஒரு வார்த்த சொன்னா ஓனர் கேப்பாரு சார். இத வுட்டா எனக்கு வேற வேல தெரியாது. சொல்லுவீங்கல்ல?”

“சொல்றேன்” என்றேன். சொல்லவில்லை.

இப்போது வானூர்ப் பக்கம் கட்டட வேலையில் கல் சுமக்கிறாராம். போன வாரம் அவரைப் பார்த்துவிட்டு வந்த விடுதி நண்பரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “சாருக்கு வயிறு இப்ப தேவலையா?”

அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. போய் நிற்கத்தான் எனக்கு முகமில்லை.