நடந்தால்தான் ஓடுமாம் இந்த வாட்ச்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மிகுந்த மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் முருகவேல் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கு நானும் தங்கள் அத்தை ஜோதியம்மாளும் நலம். போனில் சொன்னால் என் மகள் ரேவதி காதுக்குப் போய்விடும் என்பதால் தங்கள் ஆபீஸ் விலாசத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நான் ரிட்டயர் ஆன அன்று எனக்கு வாட்ச் வாங்கித் தர, "மாமா, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸா, ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்டீர்கள். பேட்டரியே வேண்டாம், கை அசைந்தால் தானாக ஓடும் என்றதும் வாய் சும்மா இருக்காமல் ஆட்டோமேட்டிக் என்றேன். உங்க காசுல எனக்கே சூனியம் வச்சுக்கிட்டேன். சுகர் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னதால தினம் காலையில வாக்கிங்னு சொல்லிட்டுக் கிளம்புறேன். உங்களுக்கு மறைப்பானேன், கலெக்டர் ஆபீஸ் எதிர்ல டீக்கடை பெஞ்சு வரைக்கும்தான் வாக்கிங். மூணாம் நாள் வாட்ச் நின்னுடுச்சு. உங்க அத்தை என் வலது கையைப் பிடிச்சுப் பார்த்து, "நடந்த மனுஷன் கையில இது எப்படிங்க நிக்கும்?"னு கேட்டா. அன்னையிலேர்ந்து வீட்ல ஒரே சட்டம். வாட்ச் ஓடினா பூரி, நின்னா கேழ்வரகுக் கஞ்சி. ஒன்பது நாள் கஞ்சி குடிச்சேன் மாப்பிள்ளை. பெஞ்சுல உக்காந்தபடியே கையை ஆட்டிப் பார்த்தேன், "என்ன சார், ஈ ஜாஸ்தியா?"னு டீக்கடைக்காரர் கேட்டுட்டார்.

அப்பதான் பக்கத்து வீட்டுச் சின்னசாமி ஞாபகம் வந்தது. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி தினம் கிரிவலம் போறவர், பதினாலு கிலோமீட்டர். போறதுதான் போறீங்க, இதையும் கட்டிக்கிட்டுப் போங்கன்னு வாட்ச்சைக் குடுத்தேன். அவர் திரும்பி வரும்போது டீக்கடையில வாங்கிக் கட்டிப்பேன். நாலு நாள் பூரி. அஞ்சாம் நாள் உங்க அத்தை காலையிலேயே அடி அண்ணாமலை கோயிலுக்குப் போனவ, வழியில அவரைப் பார்த்து, "அண்ணே, மணி என்ன?"ன்னு கேட்டிருக்கா. அவர் கையைத் திருப்பிக் காட்டிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தாம்மா நடக்கிறேன், புண்ணியத்துல ஆளுக்குப் பாதின்னு பேச்சு"ன்னு சொல்லியிருக்கார். இப்ப கஞ்சியில உப்பும் கம்மி.

ஆகவே தயவுசெஞ்சு குவார்ட்ஸ் மாத்திக் குடுங்க. மனுஷன் நடந்தா என்ன, படுத்தா என்ன, அது பாட்டுக்கு ஓடும். யாரையும் போட்டுக் குடுக்காது. முப்பத்திமூணு வருஷம் கலெக்டர் ஆபீஸ்ல ஃபைல் எழுதின கை இது. இப்ப அதுக்கு ஒரு வேலையும் இல்லன்னு ஒரு வாட்ச் சொல்லிக் காட்டுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

தங்களுக்கும் ரேவதிக்கும் மலையாய் இருப்பவன் துணை. பேட்டரிச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
முருகவேல்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மாத்த வேணாம். இந்தக் கடிதத்தை அடிச்சு அடிச்சு நாலு தடவை எழுதினதுல, காலையில நின்னு கிடந்த வாட்ச் ஓட ஆரம்பிச்சிடுச்சு. உங்க அத்தை பார்த்துட்டு பூரிக்கு மாவு பிசையப் போயிட்டா. நாளையிலேர்ந்து உங்களுக்கு தினம் ஒரு கடிதம் வரும். பதில் போடணும்னு இல்ல, கிழிக்காம இருந்தா போதும்.