கீரி அண்ணையும் மண்ணுக்குள் போன ராசாத்தியும்

குப்பை லாரி பின்னுக்கு வரும்போது 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் எழுப்புமே, அதைக் கேட்டால் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். நான் குனிந்து தரையைப் பார்ப்பேன். காரணம் ஒரு மனிதர். லண்டன் மாநகரில், மண்ணுக்குக் கீழே யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று மேலே நின்றபடியே சொல்லக்கூடிய ஒரே தமிழர் எங்கள் கீரி அண்ணைதான். பாதாள ரயில் ஓட்டுகிறவர்களுக்குக்கூட அந்த ஞானம் வாய்க்கவில்லை.

பிளேஸ்டோவில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் ஷெட்டில் வேலை. பின்புறக் கொட்டகையில் பெரட்டுகள் வளர்த்தார். பெரட் என்றால், கீரிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு பிராணி. கழற்றி எறிந்த காலுறைக்குள் யாரோ உயிரை ஊதிவிட்டது போல நெளியும். நனைந்த சாக்கில் தேனைக் கொட்டி வெயிலில் மறந்துவிட்டால் எப்படி நாறுமோ அப்படி நாறும். "கீரி இல்லை, பெரட்" என்று தெரு முழுக்கத் திருத்திப் பார்த்தார். தெரு கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்தவை இரண்டே இரண்டு. ஒன்று, இந்தப் பெயர். மற்றது பின்னால் வரும்.

விட்டுக்கொடுக்காதவற்றை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் எனக்கே வேண்டும். நாற்றம் தாங்கவில்லை என்று யாரோ புகார் கொடுக்க, கவுன்சிலில் இருந்து ஓர் அம்மா வந்தார். அண்ணை வாதாடவில்லை. ஒரு பெரட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே தேநீர் போடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அந்த அம்மா அதனோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். சைவப்பிள்ளை முயல் வேட்டையாடுவது பாவமில்லையா என்று கோயிலில் ஒரு பெரியவர் கேட்டார். "உங்கடை மகளின்ரை பார்ட்டியிலை தின்ட ஆடு, வயசு போயோ செத்தது?" என்று கேட்டார் அண்ணை. பெரியவர் அதற்குப் பிறகு வேறு கதவால் கோயிலுக்கு வந்தார்.

வேட்டை நடந்தது இல்ஃபோர்ட்டையும் தாண்டி, லண்டன் களைத்துப்போய் வயலாகிவிடுகிற ஒரு விளிம்பில். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா குதிரைகள் வைத்திருந்தார். முயல்கள் வயலெல்லாம் வளை தோண்ட, குதிரைகள் அதில் கால் விட்டு நொண்டின. முயலைப் பிடித்துத் தருவதாக அண்ணை ஒப்புக்கொண்டிருந்தார். கொண்டுபோய் விடுவது என் கார். அவருடைய காரில் பெரட்டுகளை ஏற்றக்கூடாது என்பது அவர் மனைவி கமலா அக்காவின் சட்டம். என் காரில் மட்டும் ஏன் ஏற்றுகிறாய் என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். பனி பூத்த புல்லையும், மண்ணில் காதை வைத்துப் படுத்திருக்கும் ஒரு மனிதரையும் எப்படிப் பதிலாகச் சொல்வது?

வேலை இதுதான். வளையின் வாய் ஒவ்வொன்றிலும் சுருக்கு வலை விரிக்க வேண்டும். ஒரு வாயால் பெரட்டை உள்ளே விட வேண்டும். அது துரத்த, முயல் வெளியே பாய்ந்து வலைக்குள் விழும். பெரட்டின் கழுத்துப்பட்டியில் ஒரு பொட்டு மின்கருவி. மேலே அண்ணையின் கையில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு ரிசீவர். அது பெரட்டின் தலைக்கு நேர் மேலே வந்தால் 'பீப் பீப்' என்று பதறும், விலகினால் சோர்ந்துபோகும். வயலில் அவர் அதைக் கேட்டபடி நடக்கும்போது, ஸ்டெதாஸ்கோப் வைத்து பூமிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் போலிருப்பார்.

"பசியோடை மட்டும் உள்ளுக்கு விடக்கூடாது தங்கச்சி" என்பார். "கீழையே முயலைக் கொண்டு, வயிறு முட்டத் தின்டிட்டு, அங்கையே படுத்திடும். பிறகு வராது. கிண்டித்தான் எடுக்கவேணும்."

இவ்வளவு தெரிந்த மனிதர் சறுக்கியது கந்தசஷ்டியில். அவர் விட்டுக்கொடுத்த இரண்டாவது விஷயம், கமலா அக்காவின் விரதம். விரத நாட்களில் அந்த வீட்டில் மாமிசம் கிடையாது. வீட்டில் என்றால் ஃபிரிட்ஜிலும் இல்லை, கொட்டகையிலும் இல்லை. பெரட்டுகளுக்கும் சேர்த்துத்தான் விரதம். பாலும் ரொட்டியும் வைத்தார்கள். கவுன்சிலையும் கோயிலையும் எதிர்த்து நின்றவர், அந்தக் கிண்ணத்தின் முன்னால் வாய் திறக்கவில்லை.

விரதம் முடிந்து மறுநாள் காலை. அண்ணை வீட்டில் பாரணைச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தபோதே குதிரைக்கார அம்மா போன் செய்தார். வளைகளை மூட ஜேசிபி இன்றைக்கே வருகிறதாம். பிடிப்பதென்றால் மதியத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இறைச்சி வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. அண்ணை ஒரு கணம் கொட்டகையைப் பார்த்தார், ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு ராசாத்தி என்ற பெரட்டைப் பெட்டியில் வைத்தார். வெள்ளைக்காரி, சிவந்த கண், அவருடைய செல்லம்.

வயலில் ராசாத்தி வளைக்குள் போனாள். வலைகளில் வரிசையாக முயல் விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. ரிசீவர் ஒரு பழைய மரக்கட்டையின் வேருக்குப் பக்கத்தில் நின்று, அங்கேயே விக்கிக்கொண்டிருந்தது. ராசாத்தி இருந்தது நல்ல ஆழத்தில்.

"படுத்திட்டாள்" என்றார் அண்ணை.

அப்போதுதான் மஞ்சளாக ஜேசிபி வந்தது. ஓட்டிவந்தவர் ஒரு மலை போன்ற மனிதர். குதிரைக்கார அம்மாவும் பின்னாலேயே வந்தார். நேரமாகிவிட்டது, இந்த இயந்திரம் நாளைக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும், போனது ஒரு பெரட்தானே, வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றார். கெட்ட மனுஷி இல்லை. நொண்டுகிற குதிரையைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்தான்.

அண்ணை என் காரில் இருந்த மடக்கு நாற்காலியை எடுத்து வந்தார். ரிசீவர் பதறிய இடத்துக்கு நேர் மேலே விரித்தார். உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். ஜேசிபியின் இரும்புப் பல்லுக்கும் அவர் மூக்குக்கும் இடையே ஒரு ஆள் நிற்கிற தூரம்.

நான் பக்கத்தில் போய், "அண்ணே, நாளைக்கு வந்து தோண்டிக்கலாம், மூட வேண்டாம்னு கெஞ்சிப் பார்ப்போம்" என்றேன்.

"நாளைக்கு எண்டால் கழுத்துப்பட்டியிலை பற்றரி இருக்காது. எங்கை எண்டு ஆர் சொல்லுறது?" ஒரு மிடறு குடித்தார். "நான் கூட்டிக்கொண்டு வந்தனான் தங்கச்சி. கூட்டிக்கொண்டுதான் போவன். மண்ணுக்கை விட்டிட்டு வாற பழக்கம் எனக்கு இல்லை. வேணுமெண்டால் என்னையும் சேர்த்து மூடச் சொல்லுங்கோ."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முழுவதையும் சொல்ல முடியவில்லை; கடைசி வரியைத்தான் சொன்னேன். குதிரைக்கார அம்மா ஜேசிபியைப் பார்த்தார். ஜேசிபிக்காரர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, மண்வெட்டி இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

தோண்டினோம். மலை மனிதர் வெட்ட, அண்ணை வேரை அறுக்க, நான் கையால் மண்ணை அள்ள, குதிரைக்கார அம்மா ரிசீவரைக் காதருகே பிடித்துக்கொண்டு இன்னும் இடதுபக்கம், இன்னும் இடதுபக்கம் என்று வழி சொன்னார். என் நகத்துக்குள் எசெக்ஸ் மாவட்டமே புகுந்தது. பீப் சத்தம் ஓட்டமெடுத்து, மூச்சு வாங்கி, ஒரே கோடாக நீண்டபோது, அண்ணை மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படுத்தார். தோள்வரை கையை உள்ளே விட்டார். அவர் முகம் மண்ணோடு ஒட்டியிருந்தது. 

கை வெளியே வந்தபோது அதில் ராசாத்தி தொங்கினாள். தலை சரிந்து, வாலும் சரிந்து. அண்ணையின் வாய் கோணிக்கொண்டு போனது.

ராசாத்தி கொட்டாவி விட்டாள்.

வயிறு பலாக்கொட்டை மாதிரி உருண்டிருந்தது. மீசையில் முயல் மயிர். விரதம் இருந்தவள் முறைப்படி பாரணை செய்துவிட்டு, உண்ட களைப்பில் படுத்திருந்திருக்கிறாள். எழுப்பிய கோபத்தில் அண்ணையின் பெருவிரலைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லி அவளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

போன மாதம் அண்ணையின் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, பெரட்டுகள் போக வேண்டும் அல்லது நீங்கள் போக வேண்டும் என்றார். வீட்டை மாற்றலாம், அதுகளை மாற்ற ஏலாது என்று அண்ணை நார்போக்கில் வயலோரமாக ஒரு வீடு பார்த்துவிட்டார். வேன் கிளம்பும்போது கமலா அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் ராசாத்தியின் பெட்டி. விரதம் இல்லாத நாள் போலிருக்கிறது, மறைவாகக் கோழித்துண்டு ஒன்றைக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். சண்டைக்குக் கிளம்புகிறவர் போல அண்ணை வேன் கதவை அறைந்து சாத்தினார். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க அண்ணே என்றேன். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"நான் பண்ணுவன். நீங்களும் இடைக்கிடை சத்தம் காட்டவேணும் தங்கச்சி. சத்தம் வராட்டில், மண்வெட்டியோடை வந்திடுவன்."