கொக்கோ உருண்டையும் மயிலைக் காளையும்

மேனாம்பேடு,
வைகாசி மாதம், சனிக்கிழமை.

கோலார் தங்கவயலில் வேலை பார்க்கும் என் மைத்துனன் செங்கல்வராயனுக்கு, உன் அக்காள் புருஷன் துலுக்கானம் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு நாங்களும் மாடும் நலம். அங்கு நீயும் தங்கச்சி தாட்சாயிணியும் பிள்ளைகளும் நலமாயிருக்கத் திருவேற்காட்டு அம்மன் துணை.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து யானையாகவும் அடுத்தது எறும்பாகவும் இருக்கும். வரியெல்லாம் புதிதாக ஏர் பூட்டிய கன்று இழுத்த சால் போலக் கோணிக்கொண்டு போகும். பூவிருந்தவல்லியில் பேரீச்சம்பழக் கடை வைத்திருக்கும் உஸ்மான் கனி, காலை வேளையில் கடையிலேயே உட்கார வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். இந்த ஒரு தாளுக்கு மூன்று தடவை மசிக் கையைக் கழுவிவிட்டேன். இதுவரை தபாலாபீஸ் வாசலில் ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தேன். அவர் நாம் எதைச் சொன்னாலும் ‘யாவரும் சுகம்’ என்று முடித்துவிடுவார்.

யாவரும் சுகமில்லை, மச்சான். பங்குனியில் உன் அக்காள் கெங்கம்மாளுக்கு அம்மை போட்டிருந்தது. “தம்பிக்கு எழுதாதே, பதறிகினு ஓடியாந்துடுவான்” என்று தடுத்துவிட்டாள். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் முடிந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை வளையல் முழங்கை வரை ஏறியது. இப்படியே போனால் இவளை இழந்துவிடுவேனோ என்று பயந்துவிட்டேன். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்றால் நீயே புரிந்துகொள். இனிப்பாவது செய்து கொடுக்கலாம் என்றால், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்வரை வீட்டில் பலகாரச் சட்டி அடுப்பேறக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். இது போதாதென்று நம் மயிலைக் காளையும் அதே சமயத்தில் தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டது.

என் முகத்தைப் பார்த்துத்தான் உஸ்மான் கனி ஒரு டப்பா கொடுத்தார். ஆவடியில் பட்டாளத்து முகாம் வந்திருக்கிறதல்லவா, அங்கே இவர் பேரீச்சம்பழம் போடுகிறார். சமையல்காரன் கொடுத்த கொக்கோத் தூளாம். “அண்ணாத்தே, அடுப்பே வாணாம். பேரீச்சம்பழத்தோட இடிச்சி உருட்டிக் குடு. வெள்ளைக்காரன் சாக்லேட்டுன்னு தின்றது இதான். ஒடம்பு தேறிடும்” என்றார். சர்க்கரை ரேஷனில் கிடைக்கும் காலத்தில் இது தேவாமிர்தம் என்று வாங்கி வந்தேன்.

உரலில் பழத்தைப் போட்டு இடித்தால் உலக்கை ஒட்டிக்கொண்டு உரலே கூட எழுந்து வருகிறது. பிடுங்கினேன், மல்லாந்து விழுந்தேன். பொட்டுக்கடலை மாவையும் ஏலக்காயையும் சேர்த்துக் கொக்கோ டப்பாவைத் திறக்கிறேன், மூடி இறுகியிருந்தது, பல்லால் கடித்தேன், திறந்த வேகத்தில் பாதித் தூள் என் முகத்தில். அடுத்த வீட்டு வேம்புலியம்மாள் எட்டிப் பார்த்து, “இன்னா மாமே, சூளைக்குள்ள வுழுந்துட்டியா?” என்றாள். உன் அக்காள் பாயில் படுத்தபடியே, “இன்னாது அது, சாணி உருண்டையாட்டம் கீது?” என்றாள்.

உரல்தான் அழுக்காகிவிட்டதே என்று மாட்டுக்கும் அதிலேயே மருந்து இடித்தேன். சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம், கருப்பு வெல்லம். எல்லாம் சென்னீர்குப்பத்தில் என் மாமனார், உங்கள் நைனா, சொல்லிக்கொடுத்ததுதான். அந்த வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது, மச்சான். நான் பெண் பார்க்க வந்த அன்று மாமா தொழுவத்தில் உட்கார்ந்து இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார். வந்தவனுக்குக் கை கூப்ப முடியாமல் முழங்கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கதவுக்குப் பின்னால் உன் அக்காளின் கொலுசு மட்டும் தெரிந்தது. நீ கோவணத்தோடு வந்து நின்றாய். உன் பெயர் என்னவென்று கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை, கன்னம் மட்டும் உப்பியிருந்தது. கூச்சமுள்ள பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தொழுவம் இப்போது இல்லை. மாமாவும் இல்லை. வாசனை மட்டும் என் உரலில் வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டையும் உருட்டி உறியில் தனித்தனிச் சட்டியில் வைத்தேன். நிறம் ஒன்று, அளவு ஒன்று. பெரிய சட்டி உனக்கு, சின்னது மாட்டுக்கு என்று அவளிடம் சொன்னேன். காலையில் நான் எழுதப் படிக்கப் போய்விடுவதால் மாட்டுக்கும் அவளே கொடுக்கட்டும் என்று விட்டேன்.

கொக்கோவின் மகிமையை என்னவென்று சொல்வேன். ஒரு வாரத்தில் கஞ்சி கேட்டாள். பிறகு சோறு. நேற்றுக் கருவாட்டுக் குழம்பில் உப்பில்லை என்று வேம்புலியம்மாள் கொடுத்தனுப்பிய சட்டியைத் திருப்பியனுப்பினாள். இன்று காலை என்னோடு சண்டையே போட்டாள். நான் சந்தோஷத்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மயிலையும் எழுந்துவிட்டது. ஆனால் அதன் போக்குத்தான் விளங்கவில்லை. என் கையை நக்குகிறது, வேட்டியை முகர்கிறது, நான் உள்ளே போனால் கத்துகிறது. நன்றியுள்ள ஜீவன். தெரு முழுக்கக் கொக்கோவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தாட்சாயிணியும் பிள்ளைகளுக்கு இதையே செய்து கொடுக்கட்டும்.

உன் குடும்பம் தழைக்கட்டும். பிள்ளைகள் என்னைப்போல் நரைத்தபிறகு எழுத்துப் படிக்காமல் இப்போதே படிக்கட்டும்.

இப்படிக்கு,
துலுக்கானம்

பின்குறிப்பு: மடிக்கும் முன் இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யோவ், அந்தக் கொக்கோவ ஒருநாள் வாயில வெச்சேன், ஒரே கசப்பு. நீ ஆசையா இடிச்சது, தூக்கிப் போட மனசு வரல. மயிலைக்குக் குடுத்துட்டேன். அது கண்ணை மூடிகினு தின்னுச்சி.”

“அப்போ நீ இன்னா தின்னே?”

“மாட்டுச் சட்டில கீறதுதான். எங்க நைனா உருட்டினா மாதிரியே கீது. சின்னதுல நானும் தம்பியும் திருடித் தின்னுவோம். நீ பொண்ணு பார்க்க வந்தியே, அப்போகூட அவன் வாயில ஒண்ணு கெடந்துது. அதான் பேரு சொல்லல.”

ஆகையால் மேலே கொக்கோவைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்கு அடித்து எழுத இன்னும் வரவில்லை. உருண்டையில் ஏதோ ஒன்று குறைகிறது, நைனா வேறு என்னவோ சேர்ப்பார் என்கிறாள் உன் அக்காள். திருடித் தின்றவன் நீ, உனக்கு ஞாபகம் இருக்கும், உடனே எழுது. அடுத்த வாரம் நானும் எழுதுகிறேன். அதற்குள் கொக்கோ டப்பா காலியாகிவிடும். மயிலைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.