தடித்த கம்பியும் தங்கையின் கலியாணமும்

எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்பதற்குத் தற்பெருமை மாதிரி இருக்கும். உண்மையில் இது ஒப்புதல் வாக்குமூலம். பாதியில் விட்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும் என்று சொல்லத்தக்க காரியங்கள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு. அவற்றில் முதலிடம் என் தங்கை திரேசாவின் கலியாணத்துக்கு. (இரண்டாமிடம் நான் வளர்த்த மீசைக்கு. அதை இங்கே கிளற வேண்டாம்.)

ஐம்பதுகளின் கடைசி அது. ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். நான் அங்கேயே பட்டறையில் ஃபிட்டர். ஒரு நாள் கப்பல்காரன் ஒருவனிடம் என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் கிதார் ஒன்றை வாங்கிக்கொண்டு நடந்தே வீடு வந்தேன்.

"சைக்கிள் இருந்தா வேலைக்குப் போலாம். இது மேல ஏறிகினு எங்கடா போவ?" என்று அப்பா கத்தினார். கிதாரைக் கிணற்றில் போட அவர் தூக்கியபோது, "நைனா, அது அண்ணனோட ஆசை. வுட்டுடு" என்று நடுவில் நின்றவள் திரேசா. வீட்டு வால்வு ரேடியோவோடு கிதாரை இணைக்க நான் வயர் பற்றவைத்தபோது விளக்குப் பிடித்தவளும் அவளே. நான் வாசித்தால் ரேடியோ வழியாகத் தெருவே கேட்கும். தெரு வேண்டாம் என்றுதான் சொன்னது, அது வேறு விஷயம்.

அவளுக்குத் திருவொற்றியூரில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் அந்தோணி, ரயில்வேயில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் தன் செருப்பைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது திரேசா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, பூசை முடிஞ்சதும் கோயில் ஹால்ல வாசல்லேர்ந்து மேடை வரிக்கும் ரெண்டு பேரும் நடக்கணும். அத்தினி ஜனமும் பாத்துகினு இருக்கும். எனக்கு இப்பவே கால் நடுங்குது. அந்தாளோட ஒரு வார்த்தை பேசினதில்ல. நீ கிதார் வாசிச்சீன்னா, உன்னயே பாத்துகினு வந்துடுவேன்."

அப்பா ஏற்கெனவே பாடகர் குழுவின் ஆர்மோனிய வாத்தியாரைச் சொல்லி வைத்திருந்தார். "அவரு எதுக்கு? நான் வாசிக்கிறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் மணமக்கள் ஹாலுக்குள் நுழையும்போது இசைக்கு ஏற்றபடி அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரு சுரத்துக்கு ஓர் அடி. அவள் சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்து பழக, நான் வாசித்துப் பழகினேன். எல்லாம் சரியாக இருந்தது, கம்பியைத் தவிர.

கடல்காற்றில் எங்கள் வீட்டுப் பூட்டே துருப்பிடிக்கும். அந்த மெல்லிய கம்பிகள் எம்மாத்திரம்? கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், பழகிக்கொண்டிருக்கும்போதே ஒன்று பட்டென்று அறுந்தது. திரேசா நடையின் நடுவில் இப்படி அறுந்தால்? இன்னொரு கப்பல்காரன் தந்த தடித்த கம்பிகள் ஒரு செட் பெட்டியில் இருந்தது. பட்டறை ஆளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிரேனில் வடம் அறுந்தால் அடுத்து அதைவிடத் தடித்த வடம் போடுவோம். போட்டேன்.

கிதாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார ஆறு பள்ளம் வெட்டிய எலும்புத் துண்டு ஒன்று உண்டு. புதுக் கம்பிகள் அந்தப் பள்ளத்தில் இறங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் பட்டறையில் கிதாரை வைஸ் இடுக்கியில் பிடித்து (கந்தல் துணி சுற்றித்தான், நான் ஒன்றும் காட்டுமிராண்டி அல்ல) அரத்தை எடுத்து ராவினேன். கம்பி இறங்கியது. இன்னும் கொஞ்சம் ராவினால் இன்னும் நன்றாக உட்காருமே என்று தோன்றியது. உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு தட்டிப் பார்த்தால், கழுத்துப் பலகையில் பதித்திருந்த முதல் குறுக்குக் கம்பியில் உரசிக் "கொர்ர்" என்று இரைந்தது.

போகட்டும், தொட்டு அழுத்தி வாசித்தால் இரையாது என்று சமாதானம் செய்துகொண்டேன். அழுத்தப் போனபோதுதான் அடுத்த கோளாறு தெரிந்தது. தடித்த கம்பிகளின் இழுப்பு தாங்காமல் கிதாரின் கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. நடுவில் கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றன. கீழே என் சுண்டுவிரலே நுழைந்தது.

கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுவதும், தலைப்பக்கம் சின்ன மூடியைக் கழற்றினால் அதன் நட் இருப்பதும் எனக்குத் தெரியும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி. பக்கத்து பெஞ்சில் இருந்த தோஸ்து கன்னியப்பனைக் கேட்டேன்.

"இன்னா மாமு, இது ஒரு கேள்வியா? ஏற்கெனவே முறுக்கு தாங்காம வளைஞ்சிகினு கீது. மேல இறுக்கினா ஒடஞ்சிடும். லூஸ் வுடு" என்றான்.

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பாரம் தாங்காமல் எது வளைந்தாலும் முதலில் நட்டைத் தளர்த்துவதுதானே எங்கள் வழக்கம்? கால் சுற்று தளர்த்தினேன். கழுத்து இன்னும் வளைந்தது. இது போதவில்லை என்று முடிவு செய்து அரைச் சுற்று. இன்னும் வளைந்தது. நான் விடவில்லை. கடைசியில் நட் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அந்த இரும்புக் கம்பி இருப்பதே கம்பிகளின் இழுப்பை எதிர்த்து நிற்கத்தான், அதை இறுக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆனது. பழையபடி மெல்லிய கம்பி மாற்றலாம் என்றால், நான் வெட்டிக் கழற்றிய அவை துண்டுதுண்டாகக் குப்பையில் கிடந்தன.

வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே ஆர்மோனிய வாத்தியார் வீட்டுக்குப் போயிருப்பான். நான் விரலுக்குப் பயிற்சி கொடுத்தேன். இரண்டு நாளில் நாலு விரலிலும் துணி சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

"கைல இன்னாண்ணே?" என்று கேட்டாள் திரேசா.

"பட்டறையில பட்டுச்சி."

"வாசிக்க முடியுமா? இல்லன்னா சொல்லிடு, ஒண்ணும் பேஜாரு இல்ல."

"நீ நடக்கிறத மட்டும் பாரு" என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

கலியாணத்தன்று பூசை முடிந்து ஹால் நிறைந்துவிட்டது. பிரியாணி அண்டாவின் மூடி திறக்கக் காத்திருந்தது. மேடையில் கேக் மேசைக்குப் பக்கத்தில் நான், ரேடியோ, கிதார். இன்னொரு பக்கம், அழைக்காவிட்டாலும் ஆர்மோனியத்தோடு வந்து உட்கார்ந்திருந்த வாத்தியார். தலையாட்டினால் போதும், ஆரம்பித்துவிடுவார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

வாசலில் மணமக்கள் தெரிந்தார்கள். முதல் சுரம் விரல் அழுத்தாமல் வாசிக்கும் வெறும் கம்பி. "கொர்ர்ர்" என்றது ரேடியோ. முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்தின. மணமக்கள் நம்பிக்கையோடு முதல் அடி வைத்தார்கள்.

இரண்டாவது சுரத்துக்குக் கம்பியை அழுத்த வேண்டும். அழுத்தினேன். போகவில்லை. கட்டைவிரலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினேன். இதற்குள் அங்கே இரண்டு பேரும் வலது காலைத் தூக்கிவிட்டார்கள். சுரம் வராமல் காலைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி நின்றார்கள். ஒருவழியாகச் சுரம் வந்தது. அதுவும் உயரத்திலிருந்து அமுக்கிய கம்பி என்பதால் சுருதி ஏறி, பூனை வாலை மிதித்த சத்தம். கால் இறங்கியது. அடுத்த கால் தூக்கப்பட்டது. நான் மறுபடி மல்லுக்கட்டினேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் எங்கள் அத்தை எழுந்து நின்று என்னைப் பார்த்து, "எப்பா ஆரோக்கியம், அதுங்க கால எறக்கச் சொல்லுப்பா! நரம்பு சுளுக்கிக்கும்!" என்று கத்தினாள். ஹால் சிரித்தது. மாப்பிள்ளை தள்ளாடி, விழாமல் இருக்கத் திரேசாவின் முழங்கையைப் பிடித்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருந்தது. முக்காட்டுக்குள் தோள்கள் குலுங்கின.

அழுகிறாள். என்னை நம்பி வந்தவளை ஊர் நடுவில் ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டேன். அப்போதாவது வாத்தியாருக்குத் தலையாட்டியிருக்கலாம். நானா? நாற்காலியில் உட்கார்ந்து, கிதாரை மடியில் படுக்கப் போட்டு, மேசையில் ரிப்பன் கட்டி வைத்திருந்த கேக் கத்தியை எடுத்தேன். கம்பியை அழுத்தாமல் மேலே இரும்பை வைத்து இழுத்து வாசிக்கிற ஹவாயன் கிதாரை ஒரு முறை பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி. கத்தியை வைத்து இழுத்தேன். தெருநாய் அழுவது போல ஒரு சத்தம் எழும்பி, அலைந்து, கடைசியில் சரியான சுரத்தில் போய் நின்றது. அடுத்ததும் நின்றது. அப்படி அழுதுகொண்டே அந்த நடை இசை முடிந்தது. மணமக்கள் மேடை ஏறும்போது பிரியாணி ஆறிப்போயிருந்தது.

"கஸ்மாலம், கத்தியக் குடுடா" என்றார் அப்பா. கேக் வெட்ட வேண்டுமே. வெள்ளி முலாம் பூசிய அந்தக் கத்தியில் பளிச்சென்று ஆறு கீறல் விழுந்திருந்தது.

ஒரு வருஷம் நான் திரேசாவின் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவளே வந்தாள். "நான் உன்னை அழ வச்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"அழுதேனா? சிரிப்ப அடக்க முடியலண்ணே. கால தூக்கிகினு நின்னப்ப அவரு என் காதுல, 'உங்கண்ணன் இன்னும் எத்தினி பாட்டு வச்சிகீறாரு?'ன்னாரு. அவரு என்கிட்ட பேசின மொத வார்த்த அதுதான். 'அவரு புடிச்சா வுட மாட்டாரு, நீங்க கால எறக்கிக்குங்க'ன்னேன். மேடை வர்றதுக்குள்ள நாங்க ஒரு வருசக் கதை பேசிட்டோம். நீ ஒழுங்கா வாசிச்சிருந்தா அந்த மனுசன் என்னிக்கி வாயத் தொறந்திருப்பாரோ!"

ஆறு கீறல் கத்தியில்தான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கேக் வெட்டுகிறோம். வெட்டுமுன் யாராவது ஒருவர், "கத்தி ஃப்ரீயா? வாசிச்சி முடிச்சிட்டாரா?" என்று கேட்டே தீர வேண்டும். போன மாதம் திரேசாவின் பேத்தி, தன் கலியாணத்தில் நான்தான் வாசிக்க வேண்டும் என்று வந்து நின்றாள். சந்தோஷத்தில் நட்டைத் தேட எழுந்தேன்; இறுக்கி, மெல்லிய கம்பி மாற்றினால் அரை மணி நேர வேலை.

"ஐயோ தாத்தா, ரிப்பேர் பண்ணிடாதீங்க!" என்று பதறினாள். "எனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளையும் ரொம்பக் கூச்ச சுபாவம்."

எதையும் பாதியில் விட்டதில்லை என்றேன் அல்லவா? இந்த ரிப்பேர் ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். நட் என் பித்தான் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.