நூற்றைம்பது சிவப்புக் கொண்டைகள்

ஒரு காட்டில், புலிகூடக் கைகட்டி வரிசையில் நிற்கும்படி ஒரு மருத்துவக் கல்லூரி நடந்தது. அதில் அல்லி என்றொரு தேவாங்கு இரண்டாம் வருஷம் படித்தாள். தேவாங்குக்கு ராத்திரிதான் பகல். கல்லூரியோ காலை எட்டு மணிக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? ஒருநாள் வார்டில் கரடியார் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தவள் அப்படியே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். பிள்ளை விழித்துக்கொள்ளுமே என்று கரடியார் மத்தியானச் சாப்பாடுவரை அசையாமல் கிடந்தார்.

முதல்வர் காண்டாமிருகம் அவளைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை தூங்கினால் பரீட்சை எழுத விடமாட்டேன், ஒரு வருஷம் போச்சு என்றார். அல்லி அழுதேவிட்டாள். ஆந்தை, வௌவால், மரநாய் எல்லாருக்கும் இதே பாடுதான், வகுப்பை ராத்திரிக்கு மாற்றுங்கள் சார் என்று கெஞ்சினாள்.

"ஆதாரம் வேணும்மா. எல்லாருக்கும் ஒரு கேள்விப் படிவம் கொடு. பாதிப் பேர் பகல்ல தூக்கம் வருதுன்னு எழுதினா மாத்திடறேன்" என்றார் அவர்.

அல்லி நாற்பது கேள்வி தயாரித்து வகுப்பிலிருந்த நூற்றைம்பது பேருக்கும் கொடுத்தாள்.

இங்கே சேவலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் முதல் மார்க் அவன்தான். ரெக்கார்டு நோட்டு என்றால் அவன் எழுதுவான், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். தூக்கக் கலக்கத்தில் தாளைக் கண்டதும் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் சேவலிடமே போனார்கள். அவனோ விடிகாலை நாலு மணிக்குக் கூவுகிற ஜென்மம். பகலில் தூக்கம் வருமா? வராது. நாலு மணிக்கு விழித்திருப்பீர்களா? ஆமாம். அங்க அடையாளம்? சிவப்புக் கொண்டை. எல்லாரும் அதையே எழுதினார்கள். அரைக்கண்ணில் இருந்த அல்லியும் அதையேதான் எழுதித் தொலைத்தாள்.

முதல்வர் தாள்களைப் புரட்டினார். நூற்றைம்பது பேருக்கும் பகலில் தூக்கமில்லை, நூற்றைம்பது பேருக்கும் கொண்டை.

"இத்தனை சேவல்களை வச்சுக்கிட்டு எட்டு மணிவரைக்கும் காத்திருக்கறது மகா பாவம்" என்றார். அடுத்த நாளே வகுப்பு விடிகாலை நாலு மணிக்கு மாறியது.

அந்த இருட்டில் அல்லியின் கண் இரண்டும் பளிச்சென்று திறந்துகொண்டன. ஆந்தை கேள்விமேல் கேள்வி கேட்டது. வௌவால் குறிப்பெடுத்தது. எல்லாரும் பரீட்சை எழுதித் தேறினார்கள், ஒருவனைத் தவிர. நாலு மணிக்குக் கூவப் போய்விடுவதால் சேவலுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது.

நீதி: படிவத்தில் உண்மையை எழுதியவன் ஒருவன்தான், ஒரு வருஷம் போனதும் அவனுக்குத்தான். ஆகவே பார்த்தே எழுதுக.