அம்புரோஸின் இடுப்பும் பெங்களூர் ஃபைனலும்

அம்புரோஸ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாதாரண முடிவல்ல. பாதி முகத்தில் சோப்பு நுரையும் பாதி முகத்தில் வீரமுமாகக் கண்ணாடி முன் நின்று எடுத்த முடிவு.

"போறேன். இந்தத் தடவை போயே தீருவேன். எவ தடுக்கறான்னு பாத்துடறேன்."

"ஏனுங்க, அங்க ஆருகூடப் பேசிட்டிருக்கீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பிளேடு மொக்கைன்னு சொன்னேன், பிலோமி."

வீரம் நுரையோடு வழிந்து வாஷ்பேசினுக்குள் போய்விட்டது.

விஷயம் இதுதான். உலகத்து ஷட்டில் ஆட்டக்காரர்கள் எல்லாம் பெங்களூருக்கு வரப்போகிறார்கள். ஜப்பான்காரன் வருகிறான். இந்தோனேசியாக்காரன் வருகிறான். டென்மார்க்காரன் கடலைத் தாண்டி வருகிறான். ஊட்டிப் பக்கத்து நடுவட்டத்தில் பஸ் ஏறினால் கூடலூர், மைசூர், பெங்களூர். இத்தனை கிட்டே இப்படி ஒரு சர்வதேசப் போட்டி வந்ததே கிடையாது. டென்மார்க்காரனுக்கே வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிற அம்புரோஸுக்குக் கிடைக்காதா?

கிடைக்காது. அது அவருக்கே தெரியும்.

நடுவட்டம் வட்டார ஷட்டில் ரசிகர் மன்றத்துக்கு அம்புரோஸ் தலைவர். பக்கத்து வீட்டு சுடலைமுத்து செயலாளர். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும். மன்றத்தின் கூட்டங்கள் எல்லாம் டவர் பாறையில்தான். எஸ்டேட்டில் செல்போனுக்கு டவர் எட்டுகிற ஒரே இடம் அது. பாறை மேல் ஏறி, கையை வானத்துக்கு நீட்டி, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கினால் மேட்ச் தெரியும். காலை இறக்கினால் போய்விடும். தலைவர் கால் வலித்தால் செயலாளர் கால் தூக்குவார்.

அப்படித் தவம் கிடந்து பார்த்தாலும் என்ன ஆகும்? பத்தொன்பது, பத்தொன்பது. இருபது, பத்தொன்பது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம், நம்ம நாட்டுப் பெண் சர்வீஸ் போடக் கையைத் தூக்குவாள். உடனே மேலேயிருந்து மூடுபனியாக மிஸ்ட் இறங்கும். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும். சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஷட்டிலைவிட அந்த வட்டத்தைத்தான் அம்புரோஸ் அதிகம் பார்த்திருக்கிறார். ஜெயித்ததா தோற்றதா என்பது மறுநாள் பேப்பர் வந்தால்தான் தெரியும். இத்தனை வருஷ ரசிகர், ஒரு மேட்சின் கடைசிப் புள்ளியைக்கூட இதுவரை பார்த்ததில்லை.

ஒரே ஒரு கடைசிப் புள்ளி. வட்டம் சுற்றாமல், சொந்தக் கண்ணால். அவ்வளவுதான் அந்த மனுஷனின் ஆசை.

ஆசைக்குக் குறுக்கே இரண்டு மலைகள் நின்றன. ஒன்று மேனேஜர். கொழுந்து குவிகிற சீசன். அம்புரோஸ் வாயைத் திறக்கும் முன்பே அவர் மூக்கால் பேசினார்: "வாட் இஸ் திஸ், அம்புரோஸ்? லீஃப் வர்ற நேரத்துல லீவ் கேக்கறே? நோ, நோ, நோ. போ மேன், டிரையரைப் பாரு!"

இன்னொன்று பிலோமி. பெட்டி என்ற தன் தங்கையின் கல்யாணத்தில் நடந்ததை அவள் மறக்கவில்லை. குடும்பத்தோடு போட்டோ எடுக்கும் நேரத்தில் மூத்த மாப்பிள்ளையைக் காணோம். மாதா கோயில் மணிக்கூண்டில் டவர் கிடைக்கிறது என்று ஏறிப்போய் அரையிறுதி பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அம்புரோஸ் கிடைக்க மாட்டார். ஒரே ஒரு போட்டோவில், மணமக்கள் தலைக்கு மேலே, இரண்டு செருப்புக் கால்கள் தொங்கும்.

"இனி இந்த ஊட்டுல ஷட்டில்னு ஒரு சத்தம் வரட்டும், அப்புறம் இருக்கு" என்றாள் பிலோமி. அதிலிருந்து வீட்டில் ஷட்டிலுக்குப் பேச்சில்லை.

ஆக ஒரே வழி. உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். டிஸ்பென்சரியில் சிக் சீட்டு வாங்கினால் மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டர் ஊட்டியிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிஸ்பென்சரி நர்ஸ்தான் சீட்டு எழுத வேண்டும்.

அந்த நர்ஸின் பெயர் பிலோமி.

அக்குளில் வெங்காயம் வைத்துக் காய்ச்சல் வரவழைத்தவனை, "சாம்பார்ல போட வேண்டியதை ஏனுங்க சட்டைக்குள்ள போட்டிருக்கீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய நர்ஸ்.

"அப்ப காய்ச்சல் வேண்டாம் தலைவரே" என்றார் சுடலைமுத்து. "இடுப்பு! இடுப்புக்குத் தெர்மாமீட்டர் கிடையாது பாத்துக்கோங்க. வலிக்குதுன்னு நாம சொன்னாத்தான் வலி. எங்க, ஒருதரம் கத்துங்க."

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், சுடலைமுத்து வீட்டு உள்ளறையில் ஒத்திகை நடந்தது.

"ஐயோ."

"பஸ் போயிட்ட மாதிரி இருக்கு. வலி வந்த மாதிரி இல்ல."

"ஐயய்யோ!"

"இது யாரோ செத்த மாதிரில்லா இருக்கு. நடுவுல ஒண்ணு பிடிங்க."

"ஐயோ... ம்ம்ம்... மாதாவே!"

"இதான்! இதான் தலைவரே! எனக்கே இடுப்பு வலிக்கு!"

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அம்புரோஸ் 'ட' மாதிரி வளைந்து வீடு வந்தார். ஒரு பக்கம் சுடலைமுத்து தாங்கிப் பிடித்திருந்தார்.

"நர்ஸம்மா! கொழுந்து மூட்டையைத் தூக்குனாரு. இடுப்புல சடக்குன்னு ஒரு சத்தம். எனக்கு ஃபேக்டரி கேட்டுல கேட்டுச்சு!"

"ஐயோ... ம்ம்ம்... மாதாவே!" என்றார் அம்புரோஸ்.

பிலோமி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். குறுக்கு விசாரணைக்குக்கூடத் தயாராக இருந்தார். அவளோ பதறிப்போய் ஓடிவந்தாள். "என் சாமி! இந்த வயசுல மூட்டையைத் தூக்கலாமுங்களா? வாங்க, வாங்க, மெதுவா. சுடலையண்ணே, முன்னறை டிஸ்பென்சரிக் கட்டில்ல போடலாம், பிடிங்க."

ஊசி வந்தது. "குப்புறப் படுங்க." இந்தத் தடவை கத்தியது ஒத்திகை பார்க்காத சத்தம். பின்னே கசாயம் வந்தது. வேப்பிலையைப் பாகற்காய்ச் சாற்றில் ஊறவைத்தாளோ என்னவோ, நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பின்னே தைலம் தேய்த்தாள். சூடாக, பொறுமையாக, ஒரு வார்த்தை கடுஞ்சொல் இல்லாமல். பகலெல்லாம் ஊர் வலியைப் பார்த்துவிட்டு வந்த கை.

தலையணைக்குள் புதைத்த முகத்தை அம்புரோஸ் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டார். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? இந்தக் கையையா ஏமாற்றுகிறோம்? மாதாவே, ஃபைனல் முடிந்ததும் இவளுக்குப் பெங்களூரில் ஒரு நல்ல பட்டுச்சேலை வாங்கிவிடுகிறேன்.

"இப்பக் கேட்டுக்குங்க" என்று பிலோமி விரலை நீட்டினாள். "அசையக் கூடாது. கத்தக் கூடாது. கை தட்டறது, குதிக்கறது ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமை பொழுது சாயற வரைக்கும்."

"கை எதுக்கு நான் தட்டப்போறேன்?"

"நரம்புங்க. கையில தட்டினா இடுப்புல இழுக்கும்."

"சரி. சீட்டு?"

"அதெல்லாம் ஆபீசுல நான் பாத்துக்கறேன்."

லீவு கிடைத்துவிட்டது! சனிக்கிழமை காலையில் அவள் டிஸ்பென்சரிச் சாவியோடு தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு ரவுண்டு போவாள். அப்போது கட்டிலில் தலையணையைப் போர்த்திவிட்டுப் பின்வாசல் வழியாக பஸ். திட்டம் கண்ணாடி மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பார்வையாளர்கள். கொழுந்து பறிக்கிற மாரியாயியும் வீரம்மாவும் ரஸ்க்கும் ஆரஞ்சுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இப்படித்தான் எங்க பெரியப்பனுக்கு இடுப்பு பிடிச்சுச்சு" என்றாள் மாரியாயி.

"இப்ப எப்படி இருக்கார்?" என்றார் அம்புரோஸ்.

"எங்க இருக்காரு?"

சுடலைமுத்தும் வந்தார். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, "தலைவரே, நாளைக்குக் காலம்பற... அந்த மருந்து... பஸ்ஸுல வருதாம்" என்றார்.

"கண்ணுல என்னண்ணே?" என்றாள் பிலோமி. "சொட்டு மருந்து விடறேன், வாங்க." செயலாளர் இரண்டு கண்ணிலும் மருந்தோடு மூலையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் பிலோமி முந்தானையிலிருந்து எதையோ எடுத்தாள். வெள்ளை வெளேரென்று, இறகு மடியாத, புத்தம் புது ஷட்டில்.

"ஏனுங்க, இது உங்க கோட்டுப் பையில கெடந்துது. இனி நமக்கெதுக்கு? வீசிடட்டுங்களா?"

வீசினாள்.

ஜன்னல் பக்கம் வீசியிருக்கலாம். குப்பைக் கூடையில் வீசியிருக்கலாம். அவள் வீசியது கட்டிலுக்கு மேலே, உயரமாக. ஷட்டில் எழும்பியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. தலைகீழாகத் திரும்பி, அம்புரோஸின் வலது தோளுக்கு நேரே, அழகாக, மிக அழகாக இறங்கியது.

தரையில் விழுகிற ஷட்டிலைப் பார்த்துக்கொண்டு எந்த ரசிகனால் சும்மா இருக்க முடியும்?

அடுத்து என்ன நடந்தது என்று அம்புரோஸுக்கே தெரியாது. ரஸ்க் வைத்திருந்த பீங்கான் பூச்சுத் தட்டு கையில் இருந்தது. ரஸ்க் நாலு பக்கமும் பறந்தது. இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பியிருந்தன. டமார்! ஷட்டில் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியில் போய்க் குத்தியது. வந்து இறங்கியவர், "பாயின்ட்!" என்று கையையும் உயர்த்திவிட்டார்.

பறந்த ரஸ்க்கில் ஒன்று மாரியாயியின் மடியில் வந்து விழுந்தது.

"அடி ஆத்தீ!" என்றாள் மாரியாயி. "நர்ஸம்மா மருந்து என்ன வேலை செய்யுது!"

"அம்மிணி, எனக்கும் இடுப்பு வலிதான். அந்தக் கசாயத்துல ஒரு டம்ளர் குடு" என்றாள் வீரம்மா.

"நான் ஒண்ணும் பாக்கல. கண்ணுல மருந்து இருக்கு" என்று சுடலைமுத்து சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறினார்.

எல்லோரும் போனபின் அம்புரோஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். இனி வளைந்து என்ன பிரயோசனம்?

"எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம். இந்தச் சுவத்துக்கு அந்தாண்டைதானுங்களே சுடலையண்ணன் ஊடு? மூணு தரம் கத்தினீங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சுது."

"அப்ப அந்த ஊசி?"

"சத்து ஊசிங்க. உங்களுக்கு ரத்தம் கம்மி."

"கசாயம்?"

"அது எனக்கிருந்த ஆத்திரம்."

அம்புரோஸ் தலையைத் தொங்கப்போட்டார். பெங்களூர் போயிற்று. டென்மார்க்காரன் ஆட்டம் போயிற்று. கடைசிப் புள்ளி போயிற்று. கண்முன்னே அந்த வட்டம் மட்டும் சுற்றியது.

"சீட்டு எழுதி ஆபீசுக்கு அனுப்பிட்டியா?"

"பொய்ச் சீட்டு என்னைக்குங்க எழுதியிருக்கேன்? இன்னைக்கும் நாளைக்கும் உங்களுக்கு லீவு. போன மாசமே மேனேஜர்கிட்டக் கேட்டு வாங்கியாச்சு. மறுநாள்தான் நீங்க போய்க் கேட்டிருக்கீங்க. நான் சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தேன். பாவம், சிரிப்பை அடக்க மூக்காலயே பேசினாராமா."

"லீவா? எதுக்கு?"

"பெட்டி குழந்தைக்கு ஞாயித்துக்கிழமை காலைல பெங்களூர்ல ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தகப்பன். சாயங்காலம் ஃபைனல். பெட்டி வீட்டுக்காரர் அந்த ஸ்டேடியத்துக்கு லைட் போடற வேலை பாக்கறாருல்ல? நமக்கும் சேத்தி நாலு பாஸ் வாங்கி வெச்சிருக்காங்க."

அம்புரோஸுக்கு வாய் திறந்தது. மூடவில்லை.

"இதை ஏன் புள்ள முன்னாடியே சொல்லல?"

"சொன்னா? காலைல கோயிலுக்கு வராம ஸ்டேடியம் கேட்டுல போய் நிப்பீங்க. ஞானஸ்நான ஆல்பத்துலயும் உங்க செருப்புத்தான் இருக்கும்."

இந்தத் தடவை அம்புரோஸுக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து விடாமலே வந்தது. சொந்த லீவில், சொந்தப் பெண்டாட்டி எடுத்துக் கொடுத்த லீவில், ஒரு பகல் முழுக்கக் குப்புறப் படுத்துக் கசாயம் குடித்திருக்கிறார். அதற்கும் நன்றி சொல்லத் தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பிலோமி... நீ நல்லா இருக்கணும்டி. நான்தான் மட்டி."

"அதுக்குச் சத்து ஊசி இல்லைங்க" என்றாள் பிலோமி. ஆனால் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை நடுவட்டம் பஸ் ஸ்டாப்பில் மிஸ்ட் புகைந்தது. வழியனுப்ப வந்த சுடலைமுத்துவுக்கு இன்னும் கண் சிவப்பாகவே இருந்தது.

"தலைவரே, நான் டவர் பாறையில நிப்பேன். எப்படியும் கடைசியில வட்டம் சுத்தும். நீங்க போன் போட்டு, கடைசிப் புள்ளி யாருக்குன்னு கத்திச் சொல்லணும். எஸ்டேட்டே கேட்கிற மாதிரி கத்தணும்!"

"கத்தறேன் சொடலை! இத்தனை வருஷத்துக்கும் சேத்துக் கத்தறேன்!"

பஸ் வளைவுகளில் கூடலூரை நோக்கி இறங்கியது. ஜன்னலோர சீட்டில் ராஜாவாக உட்கார்ந்திருந்தார் அம்புரோஸ். தேயிலைச் செடிகள்கூட அவருக்கு எழுந்து நின்று கை தட்டுவது போலிருந்தது. இருபது, பத்தொன்பது. எழுந்து நிற்பேன். சீட்டு மேலேயே ஏறி நிற்பேன். கத்துவேன். டென்மார்க்கில் கேட்கும்!

"ஏனுங்க" என்றாள் பிலோமி, ஆரஞ்சு உரித்தபடியே. "பெட்டி ஒண்ணே ஒண்ணு கேட்டா. குழந்தை பொறந்ததுலருந்து அவ கண்ணு மூடலையாமா. மேட்சாவது நிம்மதியாப் பாக்கணுமாமா. அதனால மேட்ச் முடியற வரைக்கும் குழந்தை ஞானத்தகப்பன் மடியிலதான் தூங்கும். ஆடினா, அசைஞ்சா எந்திரிச்சுக்கும். எந்திரிச்சா அழும். அழுதா வெளியில தூக்கிட்டுப் போயிடணும்."

அம்புரோஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... நான் கத்தறது? கை தட்டறது?"

பிலோமி ஒரு சுளையை அவர் வாயில் வைத்தாள்.

"வியாழக்கிழமையே சொன்னனுங்களே. ஞாயித்துக்கிழமை பொழுது சாயற வரைக்கும் ஆகாதுன்னு."